கிளிப் கழற்றியதும் முன்பல் இடுக்கில் கறுப்பு முக்கோணம் தெரிகிறதே, ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வயது 32. இரண்டு வருடம் கிளிப் போட்டிருந்து, போன மாதம் கழற்றியிருக்கிறார். பல் வரிசை நேராகிவிட்டது. ஆனால் மேலே பெரிய பல் இரண்டுக்கும் நடுவிலும், கீழ் முன்பற்களின் நடுவிலும், ஈறை ஒட்டிக் குட்டிக் குட்டியாகக் கறுப்பு முக்கோணங்கள். கீரை சாப்பிட்டால் நேராக அங்கேதான் போய் உட்காருகிறது. ஒரு டாக்டர் ஃபில்லிங் வைத்து மூடலாம் என்கிறார். இன்னொரு இடத்தில் ஈறில் ஊசி போட்டால் வளர்ந்துவிடும் என்கிறார்கள். அம்மாவோ, "நன்றாக இருந்த ஈறைக் கம்பி போட்டுக் கெடுத்துக்கொண்டாய்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். பல் சீரமைப்பு வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிப்போன வசனம். கம்பி ஈறைத் தின்றுவிடவில்லை. அந்த ஓட்டை வருவதற்கான எல்லாமே முன்பே உங்கள் வாயில் இருந்தது. ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பனையோலை விசிறி இரண்டை எடுத்து, பிடி கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓலை அகலமாக இருக்கும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும். பிடிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி கிடக்கும். இப்போது ஒரு விசிறியை இன்னொன்றின் மேல் பாதி ஏற்றி வையுங்கள். பிடிகள் நெருங்கிவிடும், இடைவெளி காணாமல் போகும். தெத்துப்பல்லில் நடப்பது இதேதான். நம் எல்லோருக்கும் பல் ஒரே வடிவமாக இருப்பதில்லை. சிலருக்குச் செங்கல் மாதிரிச் சதுரமாக இருக்கும். பக்கத்துப் பல்லோடு நீளவாக்கில் ஒட்டி நிற்கும். சிலருக்கு நுனி அகலமாகவும் ஈறுப் பக்கம் ஒடுங்கியும் விசிறி மாதிரி இருக்கும். இந்த இரண்டாவது வகைப் பல் நுனிக்கு அருகே மட்டும் ஒரு புள்ளியில் தொடும். அதற்குக் கீழே உள்ள இடம் முழுவதையும் ஈறுதான் நிரப்பியாக வேண்டும். ஈறு எட்டாவிட்டால் வாயின் உள்ளிருட்டு அந்தச் சந்து வழியாகத் தெரிகிறது. கறுப்பு என்பது அந்த இருட்டுதான். நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் ஈறே இயல்பாகக் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அது தோலின் நிறம் போன்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, ஈறு ஏன் எட்டவில்லை? ஈறு தானாக நிற்கிற பொருள் அல்ல. அடியில் இருக்கும் எலும்புதான் அதன் பந்தக்கால். கால் எவ்வளவு உயரமோ, பந்தலும் அதற்குத் தகுந்த உயரத்தில்தான் நிற்கும். டென்னிஸ் டார்னோ என்ற அமெரிக்கப் பல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1992-ல் இதை அளந்து பார்த்து வெளியிட்டார்கள். 30 பேரின் வாயில் 288 இடங்கள். இரண்டு பல்லும் தொடும் புள்ளியிலிருந்து எலும்பின் மேல்விளிம்பு வரை 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்த இடங்களில் ஈறு ஏறக்குறைய எப்போதும் முழுக்க நிரம்பியிருந்தது. 6 மில்லிமீட்டர் ஆனதும் 56 சதவீத இடங்களில்தான் நிரம்பியிருந்தது. 7 ஆனதும் 27 சதவீதம். ஒரே ஒரு மில்லிமீட்டர் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது. முப்பது வருடம் கடந்தும் முன்பல் வேலை செய்கிற எல்லோர் மனதிலும் ஓடுகிற கணக்கு இதுதான். உங்களுக்குச் சொல்லப்படும் வைத்தியம் எதுவானாலும், இந்தத் தூரத்தைக் குறைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வயது வந்த பிறகு கிளிப் போடுகிறவர்களிடம் இது அதிகம். அமெரிக்காவின் சியாட்டிலில் பல் சீரமைப்பு நிபுணர் கோகிச்சின் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடித்த 337 பெரியவர்களைப் பார்த்ததில் 38 சதவீதம் பேருக்கு மேல் நடுப்பற்களுக்கு இடையே இந்த முக்கோணம் இருந்தது. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கும் கூடுதலாக. "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன் நிற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதே சமயம் டாக்டர்கள் பக்கம் ஒரு குறையும் உண்டு. முப்பது வயதுக்காரர், பல் விசிறி வடிவம், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்றால், கிளிப் போடும் முன்பே இதைச் சொல்லிவிடலாம். எக்ஸ்ரேயும் பல் அச்சும் கையில் இருக்கும்போது ஊகிக்க முடியாத விஷயம் அல்ல. பலர் சொல்வதில்லை. முன்னால் சொன்னால் விளக்கம், பின்னால் சொன்னால் சாக்கு.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முக்கோணம் இல்லாதவர்களின் நடுப்பல் வேர்கள் சராசரியாக 3.65 டிகிரி மட்டுமே விலகியிருந்தன. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடக் கூட, ஓட்டை தெரியும் வாய்ப்பு 14 முதல் 21 சதவீதம் கூடியது. பல்லின் மேல்பாகம் நேராகத் தெரியும். ஆனால் ஈறுக்குள் வேர்கள் கால் அகட்டி நிற்கும். பெரும்பாலும் பல்லின் நுனி தேய்ந்து சாய்வாக இருப்பதைப் பார்த்து, அந்தச் சாய்வு நேராகத் தெரியும்படி பிராக்கெட்டை, அதாவது கம்பியைப் பிடித்திருக்கப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டை, ஒட்டியிருப்பார்கள். நுனி நேராகிவிடும், வேர் விலகிவிடும். இது கம்பியாலேயே திருத்தக்கூடியது. உங்கள் விஷயத்தில் இது உண்டா இல்லையா என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இரண்டு பல்லுக்கும் சின்ன எக்ஸ்ரே எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எலும்பு விஷயத்துக்கு வருகிறேன். முன்பு எப்போதாவது ஈறு நோய் வந்து எலும்பு இறங்கியிருந்தால், பந்தக்கால் ஏற்கெனவே குட்டை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது சத்தமே இல்லாமல் நடக்கும். வலிக்காது. பல் துலக்கும்போது கொஞ்சம் ரத்தம், காலையில் வாய் நாற்றம், அவ்வளவுதான்.

"பல் கிளீன் பண்ணினால் பல் ஆடும், இடுக்கு விழும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இங்கேதான் வருகிறது. அவர்கள் பார்த்தது பொய் அல்ல, புரிந்துகொண்டதுதான் தப்பு. பல் இடுக்கில் பல வருடமாகக் காறை கல் மாதிரிப் படிந்து, ஓட்டையைச் சிமென்ட் பூசியது போல அடைத்திருக்கும். சுற்றியுள்ள ஈறும் வீங்கி மீதி இடத்தை நிரப்பியிருக்கும். காறையை எடுத்து, வீக்கமும் வடிந்ததும் உண்மையான உயரம் வெளியே தெரிகிறது. கிளிப் போட்டிருக்கும்போதும் இதே கதைதான். பிராக்கெட்டைச் சுற்றிச் சரியாகத் துலக்க முடியாமல் ஈறு உப்பிப் போய் இருக்கும். கழற்றிச் சுத்தம் செய்த சில வாரங்களில் ஈறு ஆரோக்கியமாகி, சுருங்கி, "நேற்று வரை இல்லாத" முக்கோணம் தெரியும். உப்பிய ஈறை விட, முக்கோணம் தெரியும் ஆரோக்கியமான ஈறு நல்லது. கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அதுதான் நிலை.

இனி என்ன செய்வது? முதல் வேலை, அவசரப்படாமல் இருப்பது. கழற்றி ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். பற்கள் புது இடத்தில் நிலைக்க வேண்டும், ஈறு அதன் இயல்பான அளவுக்கு வர வேண்டும். எலும்பு நன்றாக இருந்து, இடுக்கையும் சுத்தமாக வைத்துக்கொண்டால், சிறிய முக்கோணங்களில் ஈறு தானாகக் கொஞ்சம் ஏறி நிரப்புவது உண்டு. குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. இன்றைக்கு ஒரு படம், மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போவது போலத்தான் தோன்றும்.

பொறுத்திருக்கும் காலத்தில் ஈறைக் கெடுக்காமல் இருப்பது முக்கியம். உணவு சிக்கினால் சேஃப்டி பின், தீக்குச்சி, விசிட்டிங் கார்டு முனை என்று கையில் கிடைத்ததை விட்டு நோண்டுவது நம்மிடையே சகஜம். பல்குச்சியும் அதே கணக்குதான். ஏற்கெனவே எட்டாத ஈறு நுனியை அது இன்னும் அமுக்கிக் கீழே தள்ளும். இடுக்குக்கென்று விற்கிற குட்டிப் பிரஷ் வாங்குங்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் பேத்தி மாதிரி இருக்கும். அதில் பல அளவுகள் உண்டு. லேசாகப் பிடிமானத்தோடு உள்ளே போகிற அளவுதான் சரி. வளைத்து, தள்ளி, கட்டாயப்படுத்தி நுழைக்க வேண்டியிருந்தால் அது பெரிய அளவு. அதுவே நாளடைவில் முக்கோணத்தை அகலப்படுத்திவிடும். உங்களுக்கு மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் தேவைப்படலாம். பல் மருத்துவரிடம் ஒரு தடவை அளவு கேட்டுக்கொள்வது நல்லது. நல்லெண்ணெய் கொப்பளிப்பது, ஈறை உப்பு வைத்துத் தேய்ப்பது, ஈறு வளர்க்கும் தைலம் இவை எதனாலும் எலும்புக்கு மேல் புதிதாக ஈறு எழும்பாது. எண்ணெய் கொப்பளித்தால் கெடுதல் இல்லை. உப்பு வைத்துத் தேய்த்தால் உண்டு.

மூன்று மாதம் போன பிறகும் உறுத்துகிறது என்றால், எனக்குப் பிடித்த வைத்தியம் பல்லின் பக்கவாட்டை மிக லேசாகத் தேய்த்து, மறுபடி நெருக்கி மூடுவது. தேய்ப்பது என்றதும் பலர் பயப்படுகிறார்கள். இரண்டு பல்லும் தொடும் இடத்தில் மெல்லிய பட்டையோ தட்டோ வைத்து, இரண்டிலும் சேர்த்து அரை மில்லிமீட்டர் அளவுக்குள் எனாமல் எடுப்பார்கள். கூச்சம்கூட அநேகமாக இருக்காது, மரத்துப்போக ஊசியும் தேவையில்லை. இதில் தந்திரம் என்னவென்றால், புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருந்த பற்கள் இப்போது ஒரு கோடாகத் தொடும், அந்தக் கோட்டின் அடிமுனை ஈறுக்கு அருகே வந்துவிடும். விசிறியின் ஓலை ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிட்டு இரண்டையும் நெருக்கினால் பிடிகளும் நெருங்குகின்றன அல்லவா, அதுதான். டார்னோ கணக்கில், உதாரணத்துக்கு, 6.5 மில்லிமீட்டர் இருந்தது 5.5-க்கு வரலாம். கூடவே, இரண்டு பல்லுக்கும் நடுவே இருக்கும் ஈறும் நெருக்கப்பட்டுக் கொஞ்சம் மேலே பிதுங்கி வரும். எனாமல் போனால் சொத்தை வந்துவிடாதா? நார்வேயில் ஸாக்ரிசன் என்ற நிபுணர், இப்படித் தேய்த்த கீழ் முன்பற்களைப் பத்து வருடத்துக்கும் மேல் கழித்துப் பார்த்து, 2007-ல் எழுதினார். சொத்தையோ ஈறு நோயோ அதனால் கூடவில்லை. தேய்த்த இடத்தை வழவழப்பாக மெருகேற்றி விடுவது மட்டும் கட்டாயம்.

இதற்கு விலை உண்டு. மறுபடி சில வாரங்களோ இரண்டு மூன்று மாதங்களோ கம்பியோ அலைனரோ (கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை) போட வேண்டிவரும். கீழ்ப்பற்களில் மட்டும் நிறையத் தேய்த்து நெருக்கினால் கீழ் வரிசை சுருங்கி உள்ளே போகும், மேல்பல்லோடு கடிப்பு மாறும். அதனால் எங்கே எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் செய்கிறவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். உங்கள் பல் செங்கல் வடிவமாக இருந்து முக்கோணம் தெரிகிறது என்றால் தேய்ப்பதில் லாபம் இல்லை. அப்போது காரணம் எலும்போ வேரோதான். எக்ஸ்ரேயில் வேர் அகட்டி நிற்பது தெரிந்தால் வேறு யோசனையே வேண்டாம், பழைய டாக்டரிடமே போய் வேரை நேராக்கித் தரச் சொல்லுங்கள்.

ஃபில்லிங் சொன்னாரே, அவரும் தவறாகச் சொல்லவில்லை. காம்போசிட் என்ற பல் நிறத்து ஃபில்லிங் பொருளை இரண்டு பல்லின் பக்கவாட்டிலும் ஈறுக்கு அடியிலிருந்து வளைவாகக் கட்டி எழுப்பினால் முக்கோணம் அன்றைக்கே மறையும். இனி கம்பி வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் இது கைத்திறன் சார்ந்த வேலை. ஈறு ஓரத்தில் இம்மியளவு துருத்தினாலும் அங்கே அழுக்கு சேரும், ரத்தம் வரும், கடைசியில் ஈறு இன்னும் இறங்கும். நன்றாகச் செய்திருந்தாலும் டீ, காபிக் கறை ஏறும், ஓரம் உடையும். சில வருடங்களுக்கு ஒருமுறை மெருகேற்றவோ மாற்றவோ வேண்டும். முக்கோணம் பெரிதாக இருந்தால் பல் அகலமாகி, முகத்துக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. செய்யப்போகிறவரிடம் அவர் முன்பு மூடிய பற்களின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஈறு ஓரம் தெரிகிற மாதிரி அருகிலிருந்து எடுத்த படம். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காக நல்ல பல்லைச் சீவி வெனீரோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) கேப்போ (பல் முழுவதையும் மூடும் உறை) போடுவதை நான் ஆதரிப்பதில்லை. வேறு காரணத்துக்காக எப்படியும் போடப் போகிறீர்கள் என்றால் அப்போது சேர்த்து மூடிக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த ஊசி. அது ஹைலுரானிக் அமில ஜெல். முகச் சுருக்கத்துக்கும் உதட்டை உப்ப வைக்கவும் போடுவது. அதையே துளித் துளியாக ஈறு நுனியில் ஏற்றுகிறார்கள். சிறிய முக்கோணத்தில் கொஞ்சம் நிரம்புவது உண்மை. "வளர்ந்துவிடும்" என்பதுதான் உண்மை அல்ல. ஈறு வளர்வதில்லை, ஜெல் இருக்கும் வரை உப்பி நிற்கிறது. உடம்பு அதை மெல்லக் கரைத்துவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு தடவையில் முடிவதும் அபூர்வம். ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் அந்தப் பகுதிக்கு ரத்தம் போவது தடைபடும் என்ற ஆபத்தும் உண்டு. என் கருத்தில் இது கடைசி வரிசையில் வர வேண்டியது, முதலில் விற்கப்படுகிறது. ஈறை அறுத்துத் தைத்து உயர்த்தும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. பல் இடுக்கு ஈறு மிகச் சின்ன முக்கு. அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் ஒட்டிய சதை அங்கே பிடித்து நிற்குமா என்று முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. எலும்பு நிறைய இறங்கி, முன்வரிசை முழுக்க ஓட்டையாகத் தெரிகிறவர்களுக்கு, ஈறு நிறத்தில் மெல்லிய அக்ரிலிக் தகடு செய்து மாட்டிக்கழற்றும் வழி உண்டு. நம்முடைய பழுப்பு ஈறுக்கு அந்த நிறத்தைப் பொருத்துவது ஒரு தனி வித்தை. ரோஸ் நிறத்தில் செய்து கொடுத்தால் தூரத்திலிருந்தே தெரியும். உங்களுக்கு அது தேவைப்படாது.

எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான். மற்றவர்கள் கண்ணுக்கு இது எவ்வளவு தெரிகிறது என்று 1999-ல் கோகிச் குழுவினரே சோதித்தார்கள். பல் சீரமைப்பு நிபுணர்கள் 2 மில்லிமீட்டரிலேயே குறை கண்டுபிடித்தார்கள். பொதுமக்களுக்கும் மற்ற பல் டாக்டர்களுக்கும் 3 மில்லிமீட்டர் ஆனபிறகுதான் கண்ணை உறுத்தியது. நீங்கள் சிரிக்கும்போது மேலுதடு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஈறு வரை தெரியாதவர் என்றால் மேல் முக்கோணத்தை உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. கீழ்ப்பற்கள் பேசும்போது தெரியும், அதுவும் வயது ஏற ஏறக் கூடுதலாக.

ஆக, உங்களிடம் நான் சொல்வது இது: இந்த மாதம் ஒரு தடவை ஈறைப் பரிசோதித்து அந்தப் பற்களுக்குச் சின்ன எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு எங்கே நிற்கிறது, வேர் எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். இரண்டும் சரி, பல் வடிவம்தான் காரணம் என்றால், பொறுத்திருந்து பார்த்துவிட்டு, கிளிப் போட்ட டாக்டரிடமே தேய்த்து மூடுவது பற்றிப் பேசுங்கள். தேய்த்து மூடிய பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதற்கு மட்டும் காம்போசிட். இந்த வரிசையில் போனால் ஃபில்லிங் சின்னதாக முடியும், பல்லும் அகலமாகத் தெரியாது.

ஒன்றை மட்டும் பலர் மறந்துவிட்டு வந்து நிற்கிறார்கள். தேய்த்தாலும் ஃபில்லிங் வைத்தாலும் பல்லின் வடிவம் மாறிவிடும், கிளிப் கழற்றிய பின் பல் நகராமல் இருக்க இப்போது மாட்டுகிற ரிடெய்னர் அதற்குப் பிறகு சரியாக உட்காராது. உட்காரவில்லை என்று இரண்டு வாரம் அலமாரியில் வைத்துவிட்டால் பல் மெல்லத் திரும்பத் தொடங்கிவிடும். அதனால் வேலை முடிகிற அன்றே புது ரிடெய்னருக்கு அச்சு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற கம்பி ரிடெய்னர் என்றால், ஃபில்லிங் வைக்கிறவருக்கு அது இருப்பது முன்பே தெரிய வேண்டும். சிலருக்கு அதைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டிவரும்.